நகராத எண்

அடிக்குறிப்பு அக்கா ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளைப் பிடிக்காதவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். பிடிக்காமல் போனதற்குக் காரணமே அதுதான் என்பார்கள். அப்படிப்பட்டவள் போட்ட அட்டவணையை நம்பி ஆயிரத்து நானூறு பஸ் ஓட்டுநர்கள் ஓய்வுக்காலப் பணத்தைப் பறிகொடுத்தார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அவள் வேலை பார்த்தது நிதி அமைச்சகத்தின் கடன் புள்ளிவிவரப் பிரிவில். அரசு யாரிடம் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறது, அரசின் வாரியங்கள் எவ்வளவு வாங்கியிருக்கின்றன, அவற்றில் எதற்கெல்லாம் அரசு ஜாமீன் நிற்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை வெளியிடும் பிரிவு அது. மூன்றாவது மாடி. கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல், சுவரை அடைத்து நிற்கும் இரும்பு அலமாரிகள், சொட்டும் ஏ.சி.க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. ஏழு பேர் இருந்த அறையில் இப்போது மூன்று பேர்தான். மற்ற நான்கு மேஜைகளில் கோப்புகள் குடியேறிவிட்டன.

எந்த எண்ணையும் அவள் தனியாக விடமாட்டாள். எந்தத் தேதி நிலவரம், யார் கொடுத்தது, எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று கீழே ஒரு குறிப்பு இருந்தே ஆகவேண்டும். "அட்டவணை அரைப் பக்கம், அடிக்குறிப்பு மூணு பக்கமா?" என்று ஒரு அமைச்சர் கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், ஐம்பத்து நான்கு வயதிலும் உதிரவில்லை. அவள் கணவர் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவர். எங்கள் வீட்டில் நான் பொய்ப்பல் செய்கிறேன், இவள் மெய்க்கணக்குப் போடுகிறாள், இரண்டுமே வாய்க்குள் போனால்தான் வலி தெரியும் என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாறி மாறி ஷிப்ட். அதனால் பத்து வயது இளைய தம்பியைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். அவன் பஸ் ஓட்டுநரானான். முதுகு கெட்டு வண்டி ஓட்ட முடியாமல் போனதும், ஓட்டுநர்கள் சேமநிதிச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனான். மாதாமாதம் ஆயிரத்து நானூறு பேரின் சம்பளத்தில் பிடிக்கும் பணத்தைப் பத்திரமான இடத்தில் போட்டு வைக்கும் பொறுப்பு அவனுடையது. அக்காவுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

வேலையில் அவள் சாதித்தவை இரண்டு. அந்த இரண்டுமே அவளைக் கவிழ்த்தன.

முன்பெல்லாம் அட்டவணை வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வங்கிக்காரர்கள் பிரிவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கையில் டைரி, பேனா, அழகான கடிகாரம். முன்கூட்டித் தெரிந்துகொண்டவன் கையிலிருக்கும் பத்திரத்தை விற்றுத் தப்பிப்பான். தெரியாமல் வாங்கியவன் தலையில் துண்டு. இதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருஷம் கோப்புக்கு மேல் கோப்பு எழுதி, வெளியீட்டு நாட்காட்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். குறித்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெளியீடு. அதற்கு முன் வீட்டில் உள்ளவர்களிடம்கூட வாய் திறப்பதில்லை என்று பிரிவில் எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அவளுடையது.

இரண்டாவது, காலிக் கட்டம். ஏதாவது ஒரு வாரியம் படிவம் அனுப்பாவிட்டால் அதன் கட்டம் காலியாக நிற்கும். கூட்டுத்தொகை குறையும். உடனே ஒருவர் மேடையேறி, நாட்டின் கடன் குறைந்துவிட்டது என்று மார்தட்டுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அக்கா ஒரு விதி எழுதினாள்: படிவம் வராவிட்டால் சென்ற காலாண்டின் எண்ணையே போடுவது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைப்பது, இது பழைய எண் என்று கீழே எழுதுவது. விதி நல்ல விதிதான். வெளியிலிருந்து ஆய்வு செய்ய வந்த நிபுணர்கள் அதைப் படி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அட்டவணை கணினி வழியாக இணையதளத்துக்குப் போனது. புது மென்பொருளுக்கு நட்சத்திரம் ஆகவில்லை. எண் இருக்கவேண்டிய கட்டத்தில் வேறு ஏதாவது இருந்தால் அதை எழுத்து என்று எடுத்துக்கொண்டு, கூட்டலில் சைபர் என்று காட்டியது. வெளியீட்டுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. கணினிப் பிரிவு ஆள் போனில் என்ன செய்வது என்று கேட்டார். இப்போதைக்கு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள், அடுத்த காலாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. குறிப்புகள் தனிக் கோப்பாகிப் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன இணைப்பாக ஒதுங்கின. அதைத் திறந்து பார்த்தவர்கள் யார் என்று கேட்டால், அக்காவைத் தவிர ஒருவரும் இல்லை.

அடுத்த காலாண்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வேறு அவசரங்கள் முந்திக்கொண்டன. ஏழு பேர் வேலையை மூன்று பேர் செய்யும் இடத்தில் அவசரத்துக்கா பஞ்சம்?

அந்தச் சமயத்தில்தான் குடிநீர் வாரியம் படிவம் அனுப்புவதை நிறுத்தியது. அதன் கடன் நானூற்றுப் பன்னிரண்டு கோடி. மறு காலாண்டும் நானூற்றுப் பன்னிரண்டு. அக்கா நினைவூட்டல் கடிதம் அனுப்பாத காலாண்டு இல்லை. எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைத் தட்டும்போது அவள் விரல் ஒரு கணம் தயங்கும். ஊரெல்லாம் குழாய் பதிக்கிறார்கள், சாலையைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள், கடன் மட்டும் எப்படி ஒரு ரூபாய்கூட நகரவில்லை? குறிப்புக் கோப்பில்தான் எழுதியிருக்கிறோமே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போவாள். அப்படிப் பதினோரு காலாண்டு போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குடிநீர் வாரியத்தின் கணக்காளர் நேரில் வந்தார். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும் மனிதர். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கி, குடிக்காமல் மேஜைமேல் வைத்தார். பையிலிருந்து பதினோரு படிவங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலாண்டின் தேதியிட்டு, முறையாக நிரப்பி, அவர் கையெழுத்துப் போட்டவை.

"ஒவ்வொரு தடவையும் எழுதினேன் மேடம். அனுப்ப வேணாம், உள்ளே வைங்கன்னாங்க. டிராயர்ல வெச்சுப் பூட்டினேன்" என்றார்.

அக்கா முதல் படிவத்தைப் பார்த்தாள். ஐந்நூற்று முப்பது. அடுத்தது அறுநூற்றுத் தொண்ணூறு. அடுத்தது தொள்ளாயிரத்து நாற்பது. அவள் கை மெதுவாகிக்கொண்டே போனது. கடைசிப் படிவத்தில் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது கோடி. வாரியத்துக்கு அரசு ஜாமீன் நிற்கச் சட்டம் அனுமதித்த வரம்பு எண்ணூறு கோடி. அந்த வரம்பைத் தாண்டி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மேலே வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் ஜாமீன் இல்லாமல் வெறுங்காற்றில் தொங்கியது.

ஏன் இப்போது கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். பழைய கடனுக்கு வட்டி கட்டப் பணம் இல்லை, அதற்காகப் பொதுமக்களிடம் புதுக் கடன் பத்திரம் விற்கிறார்கள், அதில் தன்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் அவளைக் குத்தியது.

"நாங்க படிவம் அனுப்பலைன்னா நீங்க பழைய எண்ணையே போடுவீங்கன்னு எங்க ஆளுங்களுக்கு நல்லாத் தெரியும் மேடம். கடன் கேட்டுப் போற இடத்துலெல்லாம் உங்க அட்டவணையைத்தான் காட்டுவாங்க. அரசாங்கமே சொல்லுதே, கடன் ஏறவே இல்லைன்னு."

எலிக்குப் பொறி வைத்திருக்கிறோம் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வைத்தது தீனி. அன்று முழுவதும் கடன் கொடுத்த வங்கிகளுக்கு எழுதினாள். மறுநாள் மதியத்துக்குள் எல்லா இடத்திலிருந்தும் உறுதிக் கடிதம் வந்துவிட்டது. படிவங்களில் இருந்தது முழு உண்மை. வெளியீடு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. பதினோரு காலாண்டையும் திருத்தி எழுதவேண்டும்.

அந்தப் புதன்கிழமை காலையிலேயே, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பழைய உற்சாகத்தோடு வந்தான். சங்கத்துப் பணத்தில் பாதிக்கு மேல் முதிர்வடைந்து கைக்கு வந்திருக்கிறது, குடிநீர் வாரியம் புதுப் பத்திரம் விற்கிறது, வட்டி மற்ற இடங்களைவிட இரண்டு சதவீதம் அதிகம், விற்பனை வியாழன் மாலையோடு முடிகிறது, வியாழக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன் என்றான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். அவளுடைய அட்டவணைதான். குடிநீர் வாரியத்தின் வரியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான்.

"பாருக்கா, மூணு வருஷமா ஒரே எண். இப்படி அடக்கமா இருக்குற வாரியம் வேற எது?"

அவள் அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. அவ்வளவு அவசரமா என்று மட்டும் கேட்டாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிடும், நல்ல வட்டி காத்திருக்குமா என்றான் தம்பி. உள்ளே பல் அச்சுகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர், மச்சான் இன்று பெரிய பணக்காரன் தோரணையில் பேசுகிறான் என்று கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

உறுதிக் கடிதங்கள் வந்து சேர்ந்ததும் பிரிவு இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. எதிலும் சிக்காமல் கரையேறத் தெரிந்தவர். அட்டவணையை இன்றைக்கே வெளியிடலாம் என்றாள். நாட்காட்டியை எழுதியதே நீங்கள்தானே, குறித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னும் கூடாது பின்னும் கூடாது என்று வரி வரியாக எழுதியது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்படியானால் வாரியத்தின் எண் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரியாவது இணையதளத்தில் போடலாம் என்றாள். அது விஷயத்தைப் பாதி சொன்னதற்குச் சமம், அமைச்சகச் செயலாளரின் கையெழுத்து வேண்டும், அவர் வெளியூரில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் திரும்புகிறார் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இதுல பணம் போடுறாங்களா?"

"என் தம்பி சார். அவனோட சங்கம்."

"அப்போ நீங்க இந்தப் பேச்சையே என்கிட்ட எடுத்திருக்கக் கூடாது" என்றார் இயக்குநர். குரலில் கண்டிப்பைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "நான் கேட்கல, நீங்க சொல்லல. போங்க."

வேறொருத்தியாக இருந்தால் தெரிந்தவர் யாரும் இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருப்பாள். பிறகு வேறு வழி பார்த்திருப்பாள். இவளுக்கு நாக்கு வளையவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவள் தன் உண்மையால் கெட்டாள்.

அன்று மாலை, எண் ஏதாவது உதைக்கிறதா என்று கணவர் கேட்டார். அதைப் பற்றிப் பேசக்கூடாதுங்க என்றாள். அவர் மேலே கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம்.

அவள் எழுந்துபோய்த் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தக் காலத்து வங்கிக்காரர்கள் கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். சொல்லியிருந்தால் தம்பி தப்பிப்பான், அதே பத்திரத்தை வியாழக்கிழமை வாங்க நின்ற ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் தப்பிக்கமாட்டார்கள். தன் ரத்தம் என்றால் ஒரு நியாயம், ஊரான் என்றால் ஒரு நியாயமா? இப்படி நினைத்து நினைத்து அவள் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டாள். ஆனால் தலையணையில் முகம் புதைத்தபோது அவள் கண்ணுக்குள் வந்தது ஊரான் இல்லை. பல் விழுந்த வாயோடு சிரிக்கும் ஆறு வயதுத் தம்பி.

வியாழன் காலை கணினிப் பிரிவு ஆளைக் கூப்பிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பத்தி வேண்டும், பழைய எண் எது புது எண் எது என்று அதில் வார்த்தையிலேயே வரவேண்டும் என்றாள். அவர் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார். மூன்று வருஷம் தள்ளிப்போட்டது இரண்டு மணி நேர வேலை. அக்கா அந்தத் திரையைப் பார்த்தபடி நின்றாள். புதுப் பத்தியில் குடிநீர் வாரியத்துக்கு எதிரே 'புது எண்' என்று வந்துவிட்டது. இன்னும் இருபத்திரண்டு வரிகளில் 'பழைய எண்' என்றே இருந்தது. துறைமுகம், மின்சாரம், வீட்டுவசதி. அவை எல்லாம் எந்த டிராயரில் பூட்டிக் கிடக்கின்றனவோ!

மதியம் போன் வந்தது. தம்பி. பின்னணியில் ஆட்கள் பேசும் சத்தம்.

"அக்கா, பேனாவை எடுத்துட்டேன். கையெழுத்துப் போடப் போறேன். ஏதாவது சொல்றியா?"

ஏ.சி. நீர் வாளியில் சொட்டும் சத்தம் கேட்டது. அவன் ஹலோ என்றான்.

"அதைப் பத்தி என்கிட்ட கேட்காதே" என்றாள்.

தம்பி சிரித்தான். வேலை விஷயம் எதைக் கேட்டாலும் இருபது வருஷமாக அவள் சொல்லும் பதில் அது. நாளைக்கு மழை வருமா என்று கேட்டாலும் அதையே சொல்வாள் என்று அவன் கேலி செய்வதுண்டு. அவனுக்கு அதில் புதிதாக எதுவும் கேட்கவில்லை. சரிக்கா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டான்.

வெள்ளி காலை பத்து மணிக்கு அட்டவணை வெளியானது. பத்தரைக்குள் இயக்குநரின் மூன்று போன்களும் அடித்தன. மதியத்துக்குள் வாரியத்தின் பத்திரத்தைத் தொட ஆள் இல்லை. பத்தொன்பதாவது நாள், வட்டி கட்ட இயலாது என்று வாரியம் அறிவித்தது. போட்ட நூறு ரூபாய்க்கு இருபத்தேழு ரூபாய்தான் திரும்பும், அதுவும் பத்து வருஷத்தில், என்று பின்னால் முடிவானது.

தம்பி ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வெள்ளி மாலையே வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

அவன் நாட்களை எண்ணுவதுபோல் உதட்டை அசைத்தான். "நேத்து நான் கேட்டேன்ல?"

"கேட்டே."

கணவர் ஏதோ சமாதானம் சொல்ல எழுந்தார். தம்பி கையைக் காட்டி நிறுத்தினான். நாளை டெப்போவில் கூட்டம் வைத்திருக்கிறார்கள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றான். நான் வந்து சொல்கிறேன் என்றாள் அக்கா.

சொன்னபடியே போனாள். பஸ் கழுவும் கொட்டகையில் முந்நூறு பேர் நின்றார்கள். தரை ஈரம், டீசல் வாடை. அவள் விதியைச் சொன்னாள், நட்சத்திரத்தை எடுத்ததைச் சொன்னாள், செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள், வியாழக்கிழமை போனையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முன் வரிசையில் நின்ற ஒரு ஓட்டுநர், தனக்கு அடுத்த மாதம் ஓய்வு என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு அவளிடம் குறிப்பு எதுவும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு தம்பி அவளைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டான். பஸ் வரும் நேரத்தில்தான் வாயைத் திறந்தான்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலக்கா. யோசிச்சுப் பார்த்தா நியாயமாக்கூட இருக்கு. ஆனா இனிமே உன்கிட்ட நான் எதையும் கேட்க மாட்டேன்."

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வீட்டுக்கு வந்துபோவது நின்றுவிடவில்லை, நல்ல நாளுக்கு வருவான், சாப்பிடுவான், மச்சானோடு சிரித்துப் பேசுவான். ஒரு வருஷம் கழித்து அவனுக்கு முதுகில் ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னபோது, அதை அவன் அவள் கணவரிடம் கேட்டான், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டான், டெப்போவில் யார் யாரிடமோ கேட்டான். மச்சானிடம் கேட்டபோது அக்கா அதே அறையில், அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.